இரண்டு கதவுகளுக்கு நடுவே அக்கா

"…வாய் மட்டும் அசையுது சித்தப்பா, ஒரு சத்தம் வரல. அத்த கத்தறாங்க, எனக்குக் கேக்கல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படி ஒரு நிம்மதி எனக்குக் கெடச்சதே இல்ல."

பூங்கோதை இதைச் சொன்னபோது பாகூரில் நாங்கள் இராச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவியிருந்தோம். அவள் இருந்தது பிரான்சில், மலையடிவாரத்து ஏரிக்கரை ஒன்றில். அங்கே அப்போதுதான் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. செல்போனில் வரும் படத்தை டிவியில் பெரிதாகப் போட்டுக்கொண்டு நானும் என் மனைவி வசந்தாவும் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

படத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் என் அக்கா சகுந்தலா. சேலைக்கு மேல் மகனுடைய ஜெர்கின், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு கையில் ஏற்றிய காமாட்சி விளக்கு, மறு கையில் பொங்கல் தட்டு. வாய் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. சத்தமே இல்லை.

அக்காவின் குரலைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். அவள் வாக்கப்பட்ட பண்டசோழநல்லூரில் வரப்பில் நின்று ஆளைக் கூப்பிட்டால், பக்கத்து வயல்காரர் தம்மைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து மோட்டாரை நிறுத்திவிடுவார். அப்பேர்ப்பட்ட குரலை ஒரு ரப்பர் பட்டை நிறுத்திவிட்டது. அந்த ரப்பரை வாங்கி மாட்டச் சொன்னவன் நான்.

"தொறந்து வுடும்மா" என்றேன்.

"தொறக்கறேன் சித்தப்பா. இன்னும் கொஞ்ச நேரம் போவட்டும்."

முறையைச் சொல்லிவிடுகிறேன். பூங்கோதையின் கணவன் செந்தில் என் அக்கா மகன். அவனுக்கு நான் தாய்மாமன், ஆகவே அவளுக்குச் சித்தப்பா. பையன் வீட்டு ஆளாகவும் இருக்கவேண்டும், பெண்ணுக்கு அப்பன் ஸ்தானத்திலும் நிற்கவேண்டும். பஞ்சாயத்து என்று வந்தால் இதைவிடக் கெட்ட இடம் வேறு கிடையாது.

எத்தனை மதகு?

பூங்கோதை வில்லியனூர்ப் பெண். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சொல்தா வீடு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்தக் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. அவளைக் கட்டிக்கொண்டு செந்தில் அங்கே போனான். பால்கட்டி செய்யும் கம்பெனியில் வேலை.

போனவன் சும்மா இராமல் ஏரிக்கரையில் பழைய மரவீடு ஒன்றை மலிவாகப் பார்த்துவிட்டான். அந்த ஊர்க்காரனாக இருந்தால் கூரை எப்படி, சன்னல் எப்படி, குளிர்காலத்துக்கு எவ்வளவு விறகு பிடிக்கும் என்று குடைந்து குடைந்து கேட்டிருப்பான். இவன் எதையும் கேட்கவில்லை. லீவு விட்டால் எங்கள் வீட்டுக்கு வந்து பாகூர் ஏரியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஏரியை ஒட்டிய நிலமென்றால் எங்களுக்கு ஒரு மவுசு. தண்ணீர் கண்ணெதிரே கிடக்கிறதே!

"மாமா, ஏரிக்கு நேர் எதிர்லயே மாமா!" என்று போனில் குதித்தான்.

அக்கா மட்டும் கேட்டாள், "எத்தன மதகுடா?"

"மதகெல்லாம் இல்லம்மா."

"மதகு இல்லாத ஏரி இன்னாத்துக்கு? பாத்துக்கினு ஒக்கார்றதுக்கா?"

அந்த வீட்டைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

வாங்கியது ஆடி மாதம். ஏரி நீலமாகக் கிடக்கிறது, கரையில் புல், புல்லில் மாடு. "காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வருது மாமா, எங்க நின்னாலும் வருது, கதவ மூடினாலும் வருது" என்றான். நாங்களும் பூரித்துப்போனோம். எங்கள் ஊரில் வீடு விற்கிறவன் முதலில் சொல்வதே அதைத்தானே, நல்ல காத்தோட்டமான வூடு என்று. விற்ற வெள்ளைக்காரர் விலையைக் குறைத்துக் கொடுத்ததே அந்தக் காற்றுக்காகத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

கார்த்திகையில் அதே காற்று வந்தது. கூடவே சன்னல் விளிம்பு வரைக்கும் பனியைக் கொண்டுவந்து கொட்டியது. தேங்காய் எண்ணெயைக் கத்தியால் வெட்டி எடுத்தார்கள். உலை அடுப்பில் விறகு எரிய எரிய, அதன் எதிரில் இருப்பவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். கைக்குழந்தை தொப்பி, கையுறையோடு தூங்கியது. இருமல் நிற்கவில்லை.

ஒருநாள் பூங்கோதை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "தை பொறக்கறதுக்குள்ள இந்த வூடு சூடாவணும். இல்லன்னா பாப்பாவ தூக்கினு நான் வில்லியனூருக்குப் போயிடுவேன். நீ ஏரிய கட்டிக்கினு இரு."

சும்மா மிரட்டலில்லை. பொங்கல் முடிந்த கையோடு கிளம்ப டிக்கெட்டும் போட்டுவிட்டாள். செந்தில் அலறியடித்துக்கொண்டு இரண்டு காரியம் செய்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காவை வரவழைத்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ள எனக்குப் போன் போட்டான்.

செத்த மீனுக்கு மூச்சு

எனக்கு ஏன்? நான் பனியைப் பார்த்ததே ஃபிரிட்ஜின் மேல் தட்டில்தான். ஆனால் திருபுவனையில் குளிர்பதன அறைக்குச் சுவர் செய்யும் கம்பெனியில் என் பாதி ஆயுசு போயிருக்கிறது. இரண்டு தகட்டுக்கு நடுவே கெட்டி நுரையை அடைத்துப் பலகை பலகையாக வரும். பஃப் ஷீட் என்போம். லாரியில் ஏற்றிக்கொண்டு போய், மீன் கிடங்கிலும் ஐஸ்கிரீம் கிடங்கிலும் நிறுத்தி, சந்து விடாமல் ஒட்டுவது என் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றவனுக்குக் கை சொல்லிக் கொடுத்த பாடம். குளிரை உள்ளே பிடித்து வைப்பதும் வெளியே நிறுத்தி வைப்பதும் ஒரே வேலைதான், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிற மாதிரி.

கடற்கரைப் பக்கம் ஒரு மீன் வியாபாரி அம்மாவுக்கு அறை போட்டுக் கொடுத்தோம். மறுவாரமே, மெஷின் நிற்காமல் ஓடுகிறது, கரண்டு பில் தலைக்கு மேல் போகிறது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தால், பெரிய கதவைத் திறந்துபோட்டுச் செங்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"இன்னாம்மா இது, கதவ ஏன் தொறந்து வெச்சிகிறீங்க?"

"மூடி வெச்சா மீனுக்கு மூச்சு முட்டாதா?"

"செத்த மீனும்மா அது."

"செத்துப்போச்சின்னா மூச்சு முட்ற மாதிரி போட்டு வெக்கறதா? நீயும் ஒரு மனுசன்தானேப்பா?"

செங்கல்லை மட்டும் எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் ஜனத்துக்கு மூடிய அறை என்றாலே ஆகாது. காற்று ஒரு பக்கம் வரவேண்டும், மறு பக்கம் போகவேண்டும். அப்படிப்பட்ட ஜனத்தில் பிறந்துவிட்டு அறைகளை மூடியே சோறு தின்றேன்.

செந்திலிடம் சொன்னேன்: "மொதல்ல ஓட்டைய அடை. அப்பறம் போர்வைய போத்து. ஓட்ட சட்டை மேல கம்பளி போட்டு இன்னா புண்ணியம்?" அடுத்து, சுவரைத் தடவிக்கொண்டு நிற்காமல் முதலில் பரணுக்கு ஏறச் சொன்னேன். சூடு மேலே போகும். பரண் கதவில் சந்து இருந்தால் அது வழியாக ஓடிவிடும். ஓடுகிற சூடு சும்மா ஓடாது, கீழே இருக்கிற சந்துகளிலெல்லாம் குளிரை உள்ளே இழுத்துவிட்டுத்தான் ஓடும்.

"அப்ப ஓட்டை எங்க எங்க இருக்குதுன்னு எப்புடி மாமா கண்டுபுடிக்கறது?"

"அதுக்குன்னு ஆளுங்க இருப்பாங்கடா, கூப்டு."

வாசலில் மாட்டிய விசிறி

ஆள் வந்தார். வாசக்கால் இடிக்கிற உயரம். பனியில் வண்டி ஊர்ந்து வந்ததில் தாமதமாகி, சரியாக விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். அன்றும் நாங்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தலைவாசலில் கதவைத் திறந்து, நிலையளவுக்கு ஒரு சிவப்புத் துணியை இழுத்துக் கட்டினார். துணியின் நடுவில் பெரிய விசிறி. அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுத்துத் தள்ளும். உள்ளே காற்று குறையக் குறைய, வெளிக்காற்று எந்தெந்தச் சந்தில் நுழைகிறதோ அதையெல்லாம் பிடித்துவிடலாம். நல்ல ஏற்பாடு. செந்திலுக்கு நான் விளக்கியிருந்தேன். அக்காவுக்கு யாரும் விளக்கவில்லை.

எங்கள் வீடுகளில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தலைவாசல் திறந்திருக்கவேண்டும், கொல்லைக் கதவு சாத்தியிருக்கவேண்டும். லட்சுமி முன்வாசலில் வருவாள். மூதேவி பின்வாசலில் பதுங்கி நிற்பாள். முன்னே திறக்காவிட்டால் அவள் வரமாட்டாள், பின்னே சாத்தாவிட்டால் இவள் வந்துவிடுவாள்.

அக்கா சமையலறையிலிருந்து விளக்கோடு வருகிறாள். தலைவாசலில் லட்சுமி வருகிற வழியை அடைத்துக்கொண்டு ஒரு விசிறி, வீட்டில் இருப்பதையெல்லாம் வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது.

"டேய் செந்திலு! இந்த ஆளு இன்னாடா பண்றான்? வூட்டுல இருக்கறத பூரா வெளிய இழுக்கறான்டா!"

"காத்தும்மா. காத்த மட்டும்தான் இழுக்குது."

"காத்து மட்டும்தான்னு உனுக்கு எப்புடித் தெரியும்? சல்லடை போட்டா இழுக்கறான், லட்சுமிய வுட்டுட்டு காத்த மட்டும் இழுக்க?"

விளக்கு அணைந்தது. விசிறிச் சத்தத்தையும் மீறிக் கொல்லைக் கதவின் அடியிலிருந்து ஒரு விசில் சத்தம் மெல்லக் கிளம்பியது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். காற்றழுத்தப் பாடம் முழுவதும் அவளுக்கு அந்த விநாடியில் புரிந்துவிட்டது. முன்னால் நல்லது போகிறது. போன இடத்தை நிரப்பப் பின்னால் கெட்டது வருகிறது.

"உள்ள வர்றாடா அவ" என்றாள்.

அப்புறம் நடந்ததை என் சர்வீசிலேயே நான் பார்த்ததில்லை. அக்கா ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாகக் கிளம்பிவிட்டாள். சுவிட்ச் பெட்டிகளில், சன்னல் சட்டத்தில், தரையும் சுவரும் சேருகிற மூலையில், குழாய் நுழைகிற ஓட்டையில் என்று புகை எங்கே வளைகிறதோ அங்கே நின்று, "தோ, இங்க ஒரு வழி வெச்சிகிறா" என்று காட்டினாள். பரண் கதவுக்குக் கீழே புகை படுத்தே விட்டது. வந்தவரும் ஏதோ புகைவிடும் குச்சி வைத்திருந்தார். அதைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, சாக்பீசோடு அக்காவின் பின்னாலேயே போய் அவள் காட்டிய இடத்திலெல்லாம் குறி போட்டார். அவர் பேசியது பிரெஞ்சு, இவள் பேசியது பண்டசோழநல்லூர். ஒரு சந்தில்கூட இருவருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை.

போகும்போது கையைக் கூப்பிக் கும்பிட்டார். அக்கா இரண்டு பாக்கெட் ஊதுபத்தியும் கொஞ்சம் முறுக்கும் கொடுத்தனுப்பினாள். "நல்ல மனுசன். விசிறி மட்டும்தான் கெட்டது" என்றாள்.

மூக்கை அடைக்காதே

மறுநாள் முதல் அக்காவைப்போல ஒரு வேலைக்காரியை நான் கண்டதில்லை. எத்தனையோ பேருக்குச் சந்தில் பசை பிதுக்கும் சிலிகான் துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எவனும் இப்படி வைராக்கியமாகப் பிடித்ததில்லை. ஒவ்வொரு சந்தையும் ஒரு வசவோடு அடைத்தாள். சன்னலைச் சுற்றி ரப்பர் பீடிங், குழாயைச் சுற்றி நுரை, பரண் கதவுக்குத் தடித்த பலகை. பிறகு பரண் தரை முழுக்கக் காகிதத் தூளை மெஷின் வைத்து ஊதி மெத்தை மாதிரி நிரப்பினார்கள். குளிர் நாட்டில் அதற்கென்றே அரைத்து மூட்டை கட்டி விற்கிறார்கள்.

"பழைய பேப்பர நம்ம ஊர்ல எடைக்குப் போடுவோம். இங்க எடை போட்டு வாங்கறாங்க தம்பி" என்று வியந்தாள்.

ஒரே ஒரு விபத்து. அடைக்கிற வேகத்தில் குளியலறையில் ஈரக்காற்று போகிற துவாரத்திலும் அடுப்புக்குக் காற்று வருகிற துவாரத்திலும் பழைய சேலையைத் திணித்துவிட்டாள். அடுப்பு புகையை வீட்டுக்குள் திருப்பிவிட, கூரையில் இருந்த புகை மணி கிறீச்சிட, குழந்தையும் அதற்குச் சரியாகச் சுருதி பிடித்தது. நான் உண்மையிலேயே பயந்துபோய்க் கத்தினேன்.

"யக்கா! வூட்ட மூடலாம், மூக்க அடைக்கக் கூடாது. காத்து வர ஒரு வழி, போவ ஒரு வழி, நாமளா பாத்து வெக்கணும். இல்லன்னா உசுருக்கு ஆபத்து."

"அந்த வழியா அவ வந்துட்டான்னா?"

"அதுல வலை போட்டுகிறாங்கக்கா."

"கொசு வலையா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "கொசுவே போவாதுன்னா அவ எப்புடிப் போவா" என்று சேலையை உருவிக்கொண்டாள்.

தலையில் வெள்ளையாக ஏதோ

வீடு சூடானது. பகலில் குழந்தை தொப்பியில்லாமல் தவழ்ந்தது. செந்தில் வெப்பமானியைப் படமெடுத்துப் படமெடுத்து அனுப்பினான். ஆனால் பொழுது சாய்ந்தால் போதும், சூடு சட்டென்று இறங்கிவிடும். மறுபடி ஏறுவதற்குள் குழந்தை இருமத் தொடங்கிவிடும். விசிறிக்காரர் மறுபடி வந்து பார்த்தார். இந்தப் பக்கத்திலேயே இறுக்கமான பழைய வீடு இதுதான் என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

"வூட்டுக்கு எதுனா மாலக்கண்ணு வந்துட்ச்சா சித்தப்பா? பொழுது போனா போதும், குளுருது" என்றாள் பூங்கோதை. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. மார்கழி முடிந்துகொண்டிருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா எங்களோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். குத்தகைக்கு விட்ட நிலத்தில் கரும்பு எப்படி இருக்கிறது என்று விசாரணை. வசந்தா என் விலாவில் இடித்தாள்.

"இன்னாங்க, அண்ணி தலையில பூ வெச்சிகிறாங்க."

மச்சான் காலமானதிலிருந்து அக்கா பூவைத் தொட்டதில்லை. உற்றுப் பார்த்தேன். வகிட்டோரம் வெள்ளை வெள்ளையாக, முல்லை அரும்பு மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அரும்பு கரைந்து நெற்றியில் ஓடியது.

"யக்கா, தலையில இன்னாது?"

முந்தானையால் துடைத்தாள். "வேர்வடா."

"இந்தக் குளுர்லயா?"

பின்னால் குழந்தையோடு போய்க்கொண்டிருந்த பூங்கோதை நின்றாள். வந்து மாமியாரின் தலையில் கையை வைத்தாள். எடுத்தாள். விரலில் பனி.

எல்லாம் வெளியே வந்தது. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில், பூங்கோதை மாடியில் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனதும், அக்கா தலைவாசலை அகலத் திறந்து வைத்துவிட்டு விளக்கோடு படியில் போய் நின்றிருக்கிறாள். பரணெல்லாம் காகிதத்தூள், சன்னலெல்லாம் ரப்பர், நடுவில் ஒரு தலைவாசல் ஏரியைப் பார்த்து ஆவென்று திறந்து கிடந்திருக்கிறது.

"ஏன் அத்த? ஏன் இப்புடி பண்றீங்க?"

"நீதான் தை பொறந்தா போறேன்னு சொல்லிக்கினுகிற. வூட்டுல லட்சுமி தங்குனாதான் மருமவ தங்குவா. அதான் தொறந்து கூப்டறேன்."

"நீங்க தொறக்கறதாலதான் நான் போறேன்!"

"நீ போறதாலதான் நான் தொறக்கறேன்!"

இது வெகுநேரம் போயிற்று. வசந்தா என் காதோரம், "ரெண்டு பேர் சொல்றதும் சரியாதாங்க இருக்குது" என்றாள்.

லட்சுமிக்கு ஜலதோஷம்

குளிர்பதன அறைகளுக்கு முன்னால் சின்னதாக ஒரு நடு அறை வைப்போம். அதற்கு வெளிக்கதவு ஒன்று, உள்கதவு ஒன்று. ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும். செந்தில் வீட்டிலும் தலைவாசலை ஒட்டி உள்ளே ஒரு சின்ன மர அறை இருந்தது, செருப்பும் பனி அள்ளும் மண்வெட்டியும் கிடக்கிற இடம். அதற்கும் கூடத்துக்கும் நடுவில் வெறும் நிலை மட்டும் இருந்தது. அங்கே கண்ணாடி வைத்த கதவொன்று போட்டு, சுற்றி ரப்பர் ஒட்டி, தானாக மூடிக்கொள்ள ஸ்பிரிங்கும் மாட்டச் சொன்னேன். வெளிக்கதவைத் திறந்தால் லட்சுமி நடு அறைக்கு வருவாள். அதை மூடிவிட்டு உள்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் வருவாள். சூடு நம்மிடமே இருக்கும்.

அக்கா கேட்டாள், "லட்சுமிய ஆஸ்பத்திரி மாதிரி நடுவுல நிக்க வெச்சி, அப்பறமா உள்ள கூப்டுவியா?"

"கோயில்ல எத்தன வாசப்படிக்கா? ஒவ்வொண்ணா தாண்டித்தான போறோம்?"

"அங்க நாம போறோம். இங்க அவ வர்றா. வர்றவள நிக்க வெப்பாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் போட்டாள்.

"அதுவும் செருப்பு வுடற எடத்துல!"

செருப்பையெல்லாம் எடுத்துவிடலாம், கழுவிக் கோலம் போடலாம் என்றேன். அசையவில்லை. கடைசியில் வசந்தா வாயைத் திறந்தாள்.

"அண்ணி, அவங்க பனியில நடந்து வர்றாங்க. வந்த ஒடனே அடுப்புச் சூட்டுல நொழஞ்சா ஜலதோஷம் புடிச்சிக்காதா? கொஞ்சம் நடுவுல நின்னு, ஒடம்பு ஒத்துக்கினு உள்ள வந்தா நல்லதுதான?"

அக்கா மோவாயில் கைவைத்து யோசித்தாள். "அதுவும் சரிதான். ஈரத் தலையோட வேற வருவா" என்றாள்.

இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்குத் தோன்றாத யுக்தி. ஆனால் அக்கா இரண்டு நிபந்தனை போட்டாள். விளக்கையும் தட்டையும் செருப்பு கிடந்த தரையில் வைக்கமாட்டாள், இரண்டும் கையிலேயே இருக்கும். ஆகவே வெளிக்கதவை வீட்டு ஆள் ஒருவர்தான் திறந்து பிடிக்கவேண்டும். செந்தில் ஒத்துக்கொண்டான். தினமும் வேலை முடிந்து ஓடிவந்து, நடு அறையில் நின்று கதவு பிடித்தான்.

வீடு இரவும் பகலும் சூடாகவே இருந்தது. குழந்தைக்கு இருமல் நின்றது. எண்ணெயே உருகி வழிகிறது என்று செய்தி வந்தது. வேலை முடிந்தது என்று நான் காலை நீட்டிப் படுத்தேன்.

பொங்கலுக்கு முன்தினம் பூங்கோதை தனியாகக் கூப்பிட்டாள்.

"வூடு சூடாயிட்ச்சி சித்தப்பா. ஆனா டிக்கெட்ட மாத்தல."

"இன்னாம்மா இன்னும்?"

"இப்ப பிரச்சின வூடு இல்ல. முன்னல்லாம் காத்து ஊய் ஊய்னு அடிக்கும், அத்த பேசறது பாதி காதுல வுழாது. நீங்க எல்லாத்தையும் அடச்சிட்டீங்க. இப்ப முழுசா கேக்குது. பாப்பாவுக்கு எண்ண பத்தல, சாம்பார்ல உப்பு பத்தல, எனக்கு தூக்கம் ஜாஸ்தி… காலையில ஆரம்பிச்சா விளக்கு வெக்கிற வரைக்கும். ஒரு ஓட்டையாவது வுட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

குளிருக்கு என்னிடம் மருந்து உண்டு. இதற்கு எந்தக் கம்பெனியில் ஷீட் செய்கிறார்கள்?

தை முதல் நாள்

அன்று அங்கே பனி கொட்டித் தீர்த்தது. செந்தில் வந்துகொண்டிருந்த பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. பொழுது சாய்ந்தது. பொங்கல் பொங்கியாயிற்று. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, விளக்கையும் தட்டையும் எடுத்துக்கொண்டு, உள்கதவைத் தோளால் தள்ளி நடு அறைக்குள் போய்விட்டாள். ஸ்பிரிங் உள்கதவை இழுத்தது, ரப்பர் கவ்விக்கொண்டது. வெளிக்கதவின் தாழ்ப்பாளைத் தொடக் கை இல்லை. உள்கதவைத் தன் பக்கம் இழுத்துத் திரும்பி வரவும் கை இல்லை. அக்கா கூப்பிட்டாள்.

அப்போதுதான் பூங்கோதை போனைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக் காட்டி, வாய் மட்டும் அசையுது என்று சொன்னாள்.

நான் இரண்டாம் முறையும் சொன்னேன், திறந்துவிடும்மா என்று. அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்களும் பார்த்தோம். முதலில் அக்கா வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினாள். பிறகு சின்னதாக. பிறகு கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு வெளிக்கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூச்சு ஆவியாகப் போவது தெரிந்தது. வாய் இன்னும் அசைந்துகொண்டேதான் இருந்தது, மெல்ல, கெஞ்சுகிற மாதிரி.

"இப்ப யார்கிட்ட பேசறாங்க?" என்றேன்.

"வெளிய நிக்கறவங்ககிட்டதான்" என்றாள் வசந்தா. "தோ, இப்ப தொறந்துடுவோம், போயிடாதம்மான்னு சொல்லிக்கினுகிறாங்க."

அது அங்கேயும் கேட்டிருக்கவேண்டும்.

"இருங்க சித்தப்பா" என்றாள் பூங்கோதை.

போனை அலமாரித் தட்டில் கதவைப் பார்த்தாற்போல் சாய்த்து வைத்தாள். குழந்தையைக் கம்பளியில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். உள்கதவைத் திறந்தாள். அக்காவின் குரல் ஒரு நொடி எங்கள் கூடம்வரை வந்து விழுந்தது. நடு அறைக்குள் போய், நான் சொல்லிக்கொடுத்திருந்தபடியே உள்கதவைத் தனக்குப் பின்னால் நன்றாக மூடினாள். குரல் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போது இரண்டு வாய் அசைந்தது.

என்ன பேசிக்கொண்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பூங்கோதை தாழ்ப்பாளை நீக்கி, தோளால் தள்ளி, வெளிக்கதவை ஏரிப் பக்கம் அகலத் திறந்தாள். காற்று அதைத் திருப்பித் தள்ளியது. அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவு சாத்திக்கொள்ளாதபடி முதுகைக் கொடுத்து நின்றாள்.